‘அக்கா, இது நான் இல்ல!’

எழுத்துப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில், அண்ணன் தம்பி அக்கா தங்கைகளை வைத்து நகைச்சுவையாக இளையோர் நாவல் எழுதிக்கொண்டிருக்கும் வாசகர்களின் கேள்விகள். நாவலில் யாராவது யாரையாவது காப்பாற்றும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள் என்பதால், அதற்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: 15 வயது அக்கா, 12 வயது தம்பி. எல்லா அத்தியாயத்திலும் சண்டை உண்டு. படித்துப் பார்த்த தோழிகள் முதல் மூன்று அத்தியாயம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிரிப்பே இல்லை. எங்கே தப்பு? – வாசகி, நாமக்கல்

சண்டை அதிகமானதால் வந்த சிக்கல் இல்லை இது. ஒரே சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. ரிமோட், சார்ஜர், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, கடைசிப் பூரி என்று பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே போனால், நான்காவது தடவை வாசகருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சண்டையையும் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்காகச் சண்டை? இதற்குப் பின்னால் இருக்கும் பழைய பாக்கி என்ன? தீர்ப்புச் சொல்வது யார்? சண்டை முடிந்தபின் வீட்டில் என்ன மாறியிருக்கிறது? முதல் மூன்றும் எல்லோருக்கும் சுலபமாக வந்துவிடும். நான்காவது இடம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். போன மாதம் தம்பி அக்காவின் காம்பஸைப் பள்ளிக்கு எடுத்துப்போய்த் தொலைத்தான், அது பாக்கி. “நீதானே பெரியவ, விட்டுக்குடு” என்று அம்மா சொன்னார், அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அக்காவுக்கு அநியாயமாகப் பட வேண்டும். அன்று ராத்திரியே அவள், “இனிமே இந்த ரூம்ல லைட்டு ஃபேன் ஸ்விட்ச் எல்லாத்தையும் நான்தான் போடுவேன், நான்தான் அணைப்பேன்” என்று சட்டம் போட்டால், ஏதோ மாறியிருக்கிறது. அடுத்த சண்டைக்கு விதையும் விழுந்துவிட்டது.

30,000 வார்த்தை, 20 அத்தியாயம் என்று வைத்தால் பெரிய சண்டை 6 போதும். மற்றதெல்லாம் ஒரு வரிச் சீண்டலாக இருக்கட்டும். அந்த ஆறில் நான்காவது, பின்னால் ஆபத்து வரும் அத்தியாயத்தில் கைகொடுக்க வேண்டும். தம்பி எந்தப் படியில் காலை வைத்தால் சத்தம் வரும், பொய் சொன்னால் எந்தக் காதைச் சொறிவான் என்று அம்மாவுக்குத் தெரியாததெல்லாம் அக்காவுக்குத் தெரியும். சண்டை போட்டுப் போட்டே ஒருவரை ஒருவர் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். நகைச்சுவைக்காக நீங்கள் எழுதும் அத்தனை சண்டையும் இந்த மனப்பாடத்தைச் சேர்க்கும் வேலைதான்.

கேள்வி: என் நாவலின் உச்சக்கட்டத்தில் 14 வயதுப் பையன் ஒரு கடத்தல் கும்பலைப் பிடிக்கிறான். நம்பும்படி இல்லை என்கிறார்கள். அன்றாட வாழ்க்கையில் நடக்கிற வீரச்செயல் என்றால் எந்த அளவு இருக்க வேண்டும்? – வாசகர், விருதுநகர்

நாலைந்து நிமிடத்தில் முடியக்கூடியது, உடல் பலத்தைவிட விவரம் தெரிந்திருப்பதைக் கேட்பது, வீட்டுக்குள்ளோ தெருவிலோ நடக்கக்கூடியது. இந்த அளவுக்குள் தேடுங்கள். ஒரு சம்பவத்தை முழுதாகப் பிரித்துக் காட்டுகிறோம்.

மாலை ஆறு மணி. “பாலைப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போகிறார். அக்காவும் தம்பியும் ஹாலில் சண்டையில் இருக்கிறார்கள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடுகிறது. சுடர் அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். நம் வீடுகளில் இருக்கும் சாதாரண அடுப்புகளில் தானாக நிறுத்திக்கொள்ளும் வசதி கிடையாது.

இனி விவரங்கள். சமையல் கேஸுக்கு இயல்பில் சொல்லும்படியான வாசனை இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அழுகின முட்டைக்கோஸ் மாதிரியான அந்த வாடை அதனுடையது. இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையை ஒட்டிப் பரவும். கட்டிலுக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். ஸ்விட்சைத் தட்டும்போது உள்ளே தெறிக்கும் சின்னப் பொறி போதும். போடுவதற்கும் அணைப்பதற்கும் இதில் வித்தியாசம் இல்லை, இரண்டுமே ஆபத்து.

நாவலுக்கான நகைச்சுவை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. தம்பி ஃபுட்பால் ஆடிவிட்டு வந்து கழற்றிப் போடும் சாக்ஸ் நாற்றத்தைப் பற்றி அக்கா இரண்டாம் அத்தியாயத்திலிருந்தே புலம்பிக்கொண்டிருக்கட்டும். ஆகவே கேஸ் வாடை வரும்போது அவள் முதலில் தம்பியைத்தான் திட்டுவாள். வாசகரும் சிரிப்பார். தம்பி சாக்ஸை எடுத்து முகர்ந்து பார்க்கிறான். “அக்கா, இது நான் இல்ல.” அந்த நொடியில் சிரிப்பு நின்றுவிட வேண்டும்.

இருட்டத் தொடங்கிய நேரம். அக்காவின் கை பழக்கத்தில் ஸ்விட்சை நோக்கிப் போகிறது. லைட்டு ஃபேன் சண்டையில் நூறு தடவை அந்தக் கையை மறித்தவன் தம்பி. அந்தக் கை எந்த வேகத்தில் வரும் என்று அவனுக்குத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்துவிடுகிறான். அடுத்த அறையில் பாட்டி விளக்கேற்றத் தீப்பெட்டியை எடுத்திருக்கிறார். அங்கே ஓடுவது அக்கா. பிறகு வரிசை இதுதான்: அடுப்பின் திருகை மூட வேண்டும், சிலிண்டர் ரெகுலேட்டரை மூட வேண்டும், கதவு ஜன்னல்களை விரியத் திறக்க வேண்டும், பாட்டியோடு வெளியே வர வேண்டும். போன் பேசுவது வெளியே வந்த பிறகுதான். கேஸ் கசிவுக்கென்றே இருக்கும் அவசர எண் 1906. வாடை மூச்சு முட்டும் அளவுக்கு இருந்தால் பிள்ளைகள் சமையலறைக்குள் போகவே கூடாது. பாட்டியைக் கூட்டிக்கொண்டு நேரே வெளியே வந்து பெரியவர்களைக் கூப்பிடுவதுதான் சரி. உங்கள் நாவலில் எந்த அளவு வாடை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுதும்போது வழக்கமாக நடக்கும் தவறுகள்: ‘புத்திசாலித்தனமாக’ எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து காலிங் பெல்லை அழுத்துவது, ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைப்பது. மெயின் வீட்டுக்கு வெளியே, கேஸ் எட்டாத இடத்தில் இருந்தால் ஒழிய அதையும் தொடக் கூடாது. ஈரச்சாக்கோடு ஓடிவருகிற காட்சியும் உண்டு. அது தீப்பிடித்தபின் செய்வது, கசிவுக்கு அதனால் பயன் இல்லை. 13 வயது வாசகர் நீங்கள் எழுதியதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்வார். தவறாக எழுதிவிட்டு, கதைதானே என்று விடக் கூடாத இடம் இது.

இந்தச் சம்பவத்தில் யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. வீட்டில் எல்லாம் இருந்தபடியே இருக்கிறது. நல்ல வீரச்செயல் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். கூடவே, பாலை மறந்தது யார் என்ற கேள்வி இருவர் தலையிலும் தொங்குகிறது. கடத்தல் கும்பலிடம் இது கிடைக்காது.

கேள்வி: தம்பி அக்காவை எப்படிக் கூப்பிட வேண்டும்? ‘வாடி போடி’ என்று எழுதலாமா? – வாசகி, திருச்சி

வீட்டைப் பொறுத்தது. திருநெல்வேலிப் பக்கம் ‘ஏட்டி’, ‘ஏல’ என்று புழங்குவது கோபத்தில் மட்டுமில்லை, கொஞ்சலிலும்தான். கோவைப் பக்கம் பல வீடுகளில் கோபம் தலைக்கேறினாலும் ‘ங்க’ ஒட்டிக்கொண்டே வரும், “உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?” என்று மரியாதையோடு கேட்கும் சண்டைக்குத் தனி ருசி உண்டு. நாவல் நடக்கும் ஊரை முடிவு செய்யாமல் வசனத்தை எழுதத் தொடங்காதீர்கள்.

விளிப்பை ஒரு கருவியாகவும் பயன்படுத்தலாம். தம்பி எப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன், அதற்காக அம்மாவிடம் திட்டு வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன காட்சியில் அவன் வாயிலிருந்து முதன்முறையாக ‘அக்கா’ வருகிறது. விளக்கமே தேவையில்லை, நிலைமை என்னவென்று அவளுக்கும் புரியும், வாசகருக்கும் புரியும். நாவல் முழுவதற்கும் ஒரே ஒரு முறைதான் இது பலிக்கும். இரண்டாம் முறை எழுதினால் முதல்முறையின் எடையும் போய்விடும்.

கேள்வி: ஆபத்து நடக்கும்போதும் ஜோக் வரலாமா? நகைச்சுவை நாவலாயிற்றே! – வாசகர், புதுச்சேரி

வேண்டாம். பாத்திரங்கள் உயிரைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் ஒருவர் ஜோக் அடித்தால், ‘யாருக்கும் ஒன்றும் ஆகாது’ என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். 600 முதல் 800 வார்த்தை வரை சிரிப்பே இல்லாமல், குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். உவமைகளையும் எடுத்துவிடுங்கள்.

அடக்கிவைத்த சிரிப்பையெல்லாம் அடுத்த அத்தியாயத்தில் திறந்துவிடலாம். அதற்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. செய்தி தெருவைச் சுற்றி வரும்போது நான்காவது வீட்டில் சிலிண்டர் வெடித்திருக்கும், ஆறாவது வீட்டில் கூரை பறந்திருக்கும். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வருவார்கள். யாருக்கு அடிபட்டது என்று தெரியாமல் பாட்டி கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். விளக்கேற்ற விடவில்லை என்று பாட்டி இன்னும் கோபமாகவே இருப்பார். அம்மா மட்டும் அடுப்பைச் சுற்றிக் காய்ந்து கிடக்கும் பாலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கேள்வி: தங்கை குளத்தில் மூழ்குகிறாள், நீச்சல் தெரியாத அண்ணன் குதித்துக் காப்பாற்றுகிறான். பாசத்தைக் காட்ட இதைவிட நல்ல காட்சி உண்டா? – வாசகர், மன்னார்குடி

இந்தக் காட்சியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மூழ்குகிறவர் பதற்றத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவார். கிடைப்பது அண்ணனின் கழுத்தாக இருக்கும். ஒரே குளத்தில் கூடப்பிறந்த இருவரும் சேர்ந்து போகும் செய்திகள் நம் ஊர்களில் வருவது இப்படித்தான்.

அண்ணன் கரையில் இருந்தபடியே செய்யக்கூடியவை பல. குப்புறப் படுத்துக்கொண்டு நீளமான கம்பை நீட்டலாம். துப்பட்டா, சேலை, வேட்டி எதையாவது முறுக்கி வீசலாம். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேனை எறியலாம். அது ஆளைத் தாங்கும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சத்தம் போட்டு ஆள் கூட்ட வேண்டும். நின்றுகொண்டு இழுத்தால் இவனும் சரிவான், படுத்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும்.

சினிமாவில் போல ‘காப்பாத்துங்க’ என்று கை ஆட்டிக் கத்துவது பெரும்பாலும் நடப்பதில்லை. மூச்சு வாங்கவே நேரமில்லாதபோது கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்க, சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். உங்கள் தங்கை பாத்திரத்தை ஓயாமல் பேசுகிறவளாக எழுதுங்கள். ‘இவ வாய மூட மாட்டாளா’ என்று நாவல் முழுக்க அலுத்துக்கொண்ட அண்ணன், பேச்சு நின்றுபோனதை வைத்தே திரும்பிப் பார்க்கட்டும். குளக்கரையில் பத்துப் பேர் இருந்தாலும் அந்த மௌனம் அவன் ஒருவனுக்குத்தான் கேட்கும். நீங்கள் கேட்ட பாசம் அதில் வந்துவிடும்.

கேள்வி: மூத்தவள் பொறுப்பானவள், இளையவன் துடுக்கானவன். இப்படி வைத்துக்கொள்ளலாமா? – வாசகி, வேலூர்

‘மூத்தது மோழை, இளையது காளை’ என்று பழமொழி இருக்கிறது. ஆனால் 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000-க்கும் அதிகமானவர்களின் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வில், பிறந்த வரிசைக்கும் பொறுப்புணர்வு, கலகலப்பு போன்ற குணங்களுக்கும் சொல்லும்படியான தொடர்பு காணப்படவில்லை. வீட்டுக்குள் ‘பொறுப்பானவள்’ என்ற வேஷம் அவளுக்குப் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பள்ளியில் அவளே கடைசி பெஞ்சு ரௌடியாக இருக்கலாம். அதைத் தம்பி ஒரு நாள் பார்த்துவிடுவது நல்ல அத்தியாயம்.

கேள்வி: என் கதையில் தம்பிக்கு வலிப்பு நோய். அக்காதான் அவனுக்கு எல்லாம். இதை நகைச்சுவை நாவலில் எழுதுவது தப்பா? – வாசகி, ஈரோடு

தப்பே இல்லை. எழுதப்பட வேண்டிய கதை இது. வலிப்பு வரும் நேரத்தில் மட்டும் சிரிப்பு கூடாது. மற்ற எல்லா நேரமும் தம்பி மற்ற தம்பிகள் மாதிரிதான்: திருடித் தின்பான், கோள் மூட்டுவான், தோற்றால் ஆட்டத்தைக் கலைப்பான். பரிதாபத்துக்காக அவனை நல்லவனாக்கிவிட்டால் அவன் பாத்திரமாகவே இருக்க மாட்டான்.

அக்கா செய்ய வேண்டியதைச் சரியாக எழுதுங்கள். சுற்றி இருக்கும் கூர்மையான பொருள்களை நகர்த்துகிறாள். தலைக்கு அடியில் மடித்த துணியோ பள்ளிப் பையோ வைக்கிறாள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துகிறாள். கடிகாரத்தைப் பார்க்கிறாள். கை காலை அமுக்கிப் பிடிப்பதில்லை. வாயில் கரண்டியோ துணியோ வைப்பதில்லை. உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்கிறாள். எச்சில் மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க அது உதவும். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாக நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ 108. கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஒருவர் ஓடி வருவார். அதனால் வலிப்பு நிற்பதில்லை. வலிப்பு தானாக நின்ற நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. அந்தச் சாவிக்கொத்தை அக்கா வாங்கிப் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறாள் என்று எழுதுங்கள். கடைசியில் அவளிடம் ஊர்ச் சாவியெல்லாம் சேர்ந்திருக்கட்டும். அந்தச் சிரிப்பு யாரையும் புண்படுத்தாது.

எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கும் பழக்கம் அவளுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தம்பி பல் தேய்ப்பது 40 நொடி, அப்பா பேப்பர் படிப்பது 22 நிமிடம் என்று வீட்டில் எதைக் கேட்டாலும் சொல்வாள். முதலில் வாசகர் சிரிப்பார்; அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தெரிய வேண்டும்.

ஒன்றை மறைக்காதீர்கள். ‘அவனுக்கு மட்டும்தானா எல்லாரும்?’ என்ற ஆற்றாமை அவளுக்கு இருக்கும். அவள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு யாரும் வராமல் போயிருக்கலாம். அந்தக் கோபத்தை அவள் வாய்விட்டுச் சொல்லட்டும். கோபம் இருந்தும் கடிகாரத்தைப் பார்க்கிறாளே, அதுதான் அவளுடைய வீரம்.

கேள்வி: ரோட்டில் விபத்து. கூட்டம் நிற்கிறது, ஒருவரும் உதவவில்லை. எல்லோரையும் கல்நெஞ்சக்காரர்களாகக் காட்டுவது செயற்கையாக இருக்கிறதே? – வாசகர், ஓசூர்

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. 1968-இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற உளவியலாளர்கள் நியூயார்க்கில் செய்த சோதனையில், ஒருவருக்கு வலிப்பு வரும் சத்தத்தை மாணவர்கள் தனித்தனி அறைகளில் இருந்தபடி இன்டர்காம் வழியாகக் கேட்டார்கள். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் ஓய்வதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 சதவீதமாகக் குறைந்தது. வேறு யாராவது செய்வார்கள் என்று ஆளாளுக்கு நினைப்பதுதான் காரணம்.

இதை உடைக்க வழி, ஆளைச் சுட்டிச் சொல்வது. “யாராவது போன் பண்ணுங்க” என்றால் யாரும் பண்ண மாட்டார்கள். “நீலச் சட்டை அண்ணா, நீங்க 108க்கு அடிங்க. பெரியம்மா, நீங்க அந்தப் பக்கம் வண்டிய நிறுத்துங்க. தம்பி, நீ அவருக்குத் தண்ணி குடுக்காத, தூக்காத.” இப்படிப் பேச யாருக்கு வரும்? வீட்டில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கி, ‘மிலிட்டரி’ என்று பெயர் எடுத்த அக்காவுக்கு. அந்தக் குரலைக் கேட்டாலே தம்பிக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று பத்து அத்தியாயம் எழுதியிருப்பீர்கள். இன்று அவனே அந்தக் குரலுக்கு முதல் ஆளாகக் கீழ்ப்படிகிறான்.

போலீஸ், கேஸ் என்று பயப்படும் ஒருவரையும் கூட்டத்தில் வையுங்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அதை அக்கா சட்டப் புத்தகம் மாதிரி ஒப்பிக்க வேண்டாம். “உதவுனவங்க மேல கேஸ் வராதுண்ணா, சட்டமே இருக்கு” போதும்.

கேள்வி: கடைசி அத்தியாயத்தில் தம்பிக்கு ஜனாதிபதி கையால் விருது. சரிதானே? – வாசகர், தூத்துக்குடி

வீரச்செயல் புரியும் சிறுவர்களுக்கு விருது தரும் வழக்கம் நம் நாட்டில் 1957-இல் தொடங்கியது. டெல்லி ராம்லீலா மைதானத்தில் பந்தல் தீப்பிடித்தபோது, நேருவும் அங்கே இருந்தார். ஹரிஷ் சந்திர மெஹ்ரா என்ற 14 வயதுச் சாரணர் தன் கத்தியால் பந்தல் துணியைக் கிழித்து, சிக்கிக்கொண்டவர்கள் தப்பிக்க வழி செய்தார். அதைத் தொடர்ந்துதான் இந்தியக் குழந்தைகள் நலக் கவுன்சில் 6 முதல் 18 வயது வரையிலானவர்களுக்குத் தேசிய வீரதீர விருதை ஏற்படுத்தியது. விண்ணப்பம், பரிந்துரை, தேர்வு என்று பல மாதம் ஆகும் வேலை அது. மறுவாரமே மேடையேறுவது போல எழுத முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் கதையில் விருது ஒருவருக்குத்தான் போகிறது. இருவர் சேர்ந்து செய்ததை ஒருவர் கழுத்தில் மாட்டி நாவலை முடித்தால், இத்தனை அத்தியாயமாகச் சேர்த்தது கலைந்துவிடும். விருதை முடிவாக வைக்காமல் 17-வது அத்தியாயத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே சொன்ன கேஸ் கசிவுச் சம்பவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டு மேசையில் அக்கா எழுதுகிறாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறான். ‘சம்பவம் எப்படி நேர்ந்தது’ என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. பால் பொங்கியதை எழுத வேண்டும். அப்படியானால் அம்மா படிப்பார். உங்களுடைய ஆறாவது பெரிய சண்டையை அங்கே வையுங்கள்.